சிவப்பு நூல் கட்டிய கேம்ஷாஃப்ட்

என் அண்ணன் இறந்த பிறகும் அவருடைய கார் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணி அப்படித்தான் சொன்னார். விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரணியை ஒட்டிய சேவூரில் எங்கள் தெருத் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கும். கடைசித் தறியும் நின்றதும் அண்ணி கையிலிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போவார். இரும்புக் கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து, ஒரு கார் உள்ளே வர எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு விட்டு ஓரமாக நிற்பார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உள்ளே வருவார். முகத்தில் அழுகையோ பயமோ இருக்காது. பால்காரருக்குக் கதவு திறந்துவிட்டு வந்த மாதிரி வந்து, விட்ட இடத்திலிருந்து காய் நறுக்குவார்.

அந்தக் கார் எங்கேயும் போயிருக்கவில்லை. கேட்டுக்கு உள்ளே, தறி போடுவதற்காகக் கட்டிய நீளக் கொட்டகையில், பானட் திறந்தபடி நின்றுகொண்டிருந்தது. அண்ணன் இன்ஜினின் மேல்பாகத்தைப் பிரித்து மேசைமேல் வைத்துவிட்டுக் காலைக் காப்பிக்கு உள்ளே வந்தவர், டம்ளரைக் கையில் வாங்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். மாரடைப்பு. கழற்றிய நட்டுகள் எவர்சில்வர் தட்டில் கிடந்தபடியே கிடந்தன. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகும் அந்தத் தட்டை நகர்த்த ஒருவருக்கும் கை வரவில்லை.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. மைக்ரோமீட்டரில்தான் நம்பிக்கை. ராணிப்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் அறையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவள் நான். இரும்பை முடியை விட மெல்லிய கணக்கில் அளந்து, தேறியதை ஒரு பக்கமும் தேறாததைச் சிவப்பு பெயின்ட் தடவி இன்னொரு பக்கமும் வைப்பதே என் பிழைப்பு. யாராவது 'இருக்கும் போல', 'சரியாத்தான் இருக்கும்' என்று பேசினால் எனக்கு எரிச்சல் வரும். அளந்தாயா என்று கேட்பேன். அண்ணன் இதற்காக என்னை ஓட்டுவார். "பாப்பா வந்துட்ச்சி, தோசைய மெல்லிசா ஊத்துங்க, அளந்து பாத்துதான் துண்ணும்" என்பார். தலை முழுக்க நரைத்த பிறகும் அவருக்கும் அண்ணிக்கும் நான் பாப்பாதான்.

அண்ணியின் விஷயம் தெருவில் மெல்லப் பேச்சாகிவிட்டது. பெங்களூரில் இருக்கிற அண்ணன் மகள் வந்து, அம்மாவைக் கையோடு அழைத்துப் போகப் பார்த்தாள். அண்ணி சண்டை போடவில்லை. "வண்டி தெனம் வந்துகினு இருக்குது. நான் கெளம்பிட்டா கேட்டு யாரு தெறக்கறது?" என்றார். காரை விற்றுவிடலாமா என்று மகள் கேட்ட அன்று அண்ணி சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. மகள் அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள்.

நான் வேலூரிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு கண்ணமங்கலம் வழியாக பஸ் ஏறி வந்தேன். முதல் நாள் சாயங்காலமே பார்த்தேன். தறிகள் நின்றன. அண்ணி எழுவதற்கு முன்பே கேட்டோரம் படுத்திருந்த தெருநாய் எழுந்து நின்று வாலாட்டியது. பழக்கம், அண்ணி வருவார் என்று அதற்குத் தெரியும், வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நாய் வாலாட்டியது வீட்டைப் பார்த்து அல்ல, தெருவைப் பார்த்து. அதை மட்டும் என்னால் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.

என் தொழிலில் ஓர் அளவு சந்தேகமாக இருந்தால், மாஸ்டர் என்று வைத்திருக்கும் அசல் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இங்கேயும் அதைத்தான் செய்ய நினைத்தேன். இன்ஜினை மறுபடி கோத்து, கொட்டகையிலேயே ஓடவிட்டு, அசல் சத்தத்தை அண்ணியின் காதுக்கு எதிரே வைத்துவிட வேண்டும். வண்டி இங்கேதான் இருக்கிறது என்று காது ஒப்புக்கொண்டால் தெருவில் கேட்பது நின்றுவிடும். அண்ணி மகளோடு கிளம்பிவிடுவார். எனக்கு அது ரொம்பச் சுலபமான கணக்காகத் தெரிந்தது.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்பு நிற இத்தாலி வண்டி, இரண்டு பேர்தான் உட்காரலாம். ரேஸ் வண்டிச் சாயலில் தாழ்வாக, தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். ஒரு தோல் வியாபாரியின் ஷெட்டில் கிடந்ததை அண்ணன் வாங்கியபோது இன்ஜின் முழுவதும் கோணிப்பைகளில் இருந்தது. பட்டுப்புடவைக்காரருக்கு இந்தக் கூத்து எதற்கு என்று ஆரணியே கேட்டது. நானும் கேட்டேன். "பொடவ நெய்யறது ஊருக்கு, இது எனக்கு" என்றார். ஜெராக்ஸ் எடுத்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்து, அந்தக் கோணிப்பைகளிலிருந்து தானே இன்ஜினைக் கோத்தார். இன்ஜின் தலை என்கிற மேல்பாகத்தில் வேறு யாரையும் கை வைக்கவிடவில்லை. வண்டி ஓடியது.

ஓடியது, ஆனால் நொண்டியது. நின்ற இடத்தில் இன்ஜின் உறுமும்போது படபடபட என்று வந்து, ஒரு கணம் யோசித்து, பிறகு பட் என்று விழும். கால் சரியில்லாத ஆள் மாடிப்படி ஏறுகிற மாதிரி இருக்கும். தெருப் பிள்ளைகள் நொண்டி வண்டி என்று பேர் வைத்தார்கள். பெரணமல்லூர்ச் சந்தைக்குப் போய்விட்டு வரும்போது ஊர் எல்லையிலேயே சத்தம் கேட்கும், அண்ணி கேட்டைத் திறக்கப் போய்விடுவார். அண்ணன் வெளியே சிரித்துக்கொண்டாலும் அந்த நொண்டல் அவரை உள்ளுக்குள் அரித்தது. "எல்லாம் சரியாத்தான் பாப்பா கீது. ஏதோ ஒண்ணு மட்டும் குறையுது" என்பார். கார்புரேட்டரை மாற்றினார். பிளக்கை மாற்றினார். ஒயர் எல்லாம் மாற்றினார். கடைசியில் ஒருநாள் தலையையே பிரித்தார், அதற்கு மேல் அவருக்கு நேரம் இல்லாமல் போயிற்று.

ஆயுசு முழுக்க ஷாஃப்டு அளந்த தங்கையை வேலூரில் வைத்துக்கொண்டு அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானாகக் கேட்டால், "உன் வேல ஃபேக்டரிக்கு, இது என் வேல" என்று துரத்துவார். செத்துப்போனவர் மீது கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மேசைக்கு முன்னால் நின்று, அவர் ஸ்பேனர்களைப் பார்த்துக்கொண்டு, மனதுக்குள் அவரோடு நன்றாகச் சண்டை போட்டேன்.

மேசைமேல் பழைய வேட்டித் துணியில் சுற்றி நான்கு கேம்ஷாஃப்டுகள் இருந்தன. கேம்ஷாஃப்ட் என்றால், ஒரு கம்பியில் வரிசையாக முட்டைகளைக் கோத்த மாதிரி ஓர் இரும்புத் தண்டு. அது சுற்றும்போது ஒவ்வொரு முட்டையின் கூர்முனையும் ஒரு வால்வை அமுக்கித் திறக்கும். இந்த இன்ஜினுக்கு இரண்டு தண்டுகள், பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒன்று இன்ஜின் மூச்சை இழுப்பதற்கு, மற்றது புகையை விடுவதற்கு. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், அளந்தால்தான் வேறுபாடு தெரியும். மூச்சு இழுப்பதன் முட்டை கொஞ்சம் உயரம், கொஞ்சம் அகலம். ஆனால் இரண்டுமே இரண்டு பக்கத்திலும் பொருந்தி உட்காரும், பல்சக்கரமும் பொருந்தும். வினையே அதில்தான் இருந்தது.

நான்கில் எந்த ஜோடி இந்த இன்ஜினுடையது என்பது முதல் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. இரண்டு தண்டுகளில் பழைய கிரீஸ் காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது. முட்டைகளை அளந்தேன், மற்ற இரண்டை விட நெடுநெடுவென்று உயரம். போட்டிக்கு ஓட்டுகிறவர்கள் போடுகிற தண்டு, தெருவில் ஓட்டுகிற வண்டிக்கு ஆகாது. கோணிப்பையோடு வந்ததை அண்ணன் போடாமலே வைத்திருந்தார். மற்ற இரண்டிலும் எண்ணெய் வாசனை இருந்தது, முட்டைகளின் மேல் தேய்ந்து மின்னும் தடம் இருந்தது. தண்டின் நுனியில் குத்தியிருந்த எண்ணைப் படம் எடுத்து, இதே ரக வண்டியைக் கோயம்புத்தூரில் வைத்திருக்கும் ஒருவருக்கு அனுப்பினேன். போன் குழு ஒன்றில் பழக்கம். அவரும் அதுதான் சரியான ஜோடி என்றார்.

அந்த ஜோடியில் அண்ணன் பட்டு நூல் கட்டியிருந்தார். ஒன்றில் சிவப்பு, மற்றதில் பச்சை. எங்கள் வீட்டில் இரண்டு நிறக் கரை வைத்துக் கங்கா ஜமுனா புடவை நெய்யும்போது வலது கரை சிவப்பு, இடது கரை பச்சை என்று அண்ணன் ஒரு வழக்கமே வைத்திருந்தார். ஆக சிவப்பு நூல் என்றால் வலது, பச்சை என்றால் இடது. ஜெராக்ஸ் புத்தகத்தைப் புரட்டினேன். அதிலும் இன்ன எண் குத்திய தண்டு வலது, இன்ன எண் இடது என்றுதான் இருந்தது. சிவப்பு நூல் கட்டிய தண்டில் புத்தகம் வலது என்று சொன்ன எண் இருந்தது. புத்தகம், நூல், என் அளவு மூன்றும் ஒன்றாக இருந்தன. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், நெசவுக்காரர் முடிச்சு, நகத்துக்கு மசியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினேன். ஏனோ எறிய மனம் வராமல் இரண்டு நூலையும் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

ஒன்றே ஒன்று உறுத்தியது. ஒவ்வொரு வால்வின் மேலும் ஒரு சின்ன இரும்புக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும், முட்டை அதன் முதுகில்தான் தேய்த்துக்கொண்டு ஓடும். வலப்பக்கக் கிண்ணங்களில் இருந்த தடம், வலது தண்டு முட்டையின் அகலத்தோடு ஒட்டவில்லை. பழைய வண்டி, எத்தனை பேர் கைபட்டதோ என்று விட்டுவிட்டேன்.

கோப்பதற்கு அண்ணனின் சிநேகிதர் ஒருவர் வந்தார். ஆரணியில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர், எல்லோருக்கும் பாய். பிறகு புரிந்துகொள்ள வசதியாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டியில் வலது இடது என்பது, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னே பார்க்கிறவருக்கு எது வலதோ அது. தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதை மண்டையில் ஏற்றிவிடுவார்கள். நான் டிரைவரின் வலப்பக்கத்தைக் காட்டினேன், பாய் தண்டை வைத்தார். நான் அளந்துகொண்டே இருந்தேன், பாய் இறுக்கிக்கொண்டே இருந்தார். "இன்னாம்மா, ஒவ்வொரு நட்டுக்கும் இப்டி மூக்க நொழச்சா பேஜாரு தங்கச்சி" என்று அலுத்துக்கொண்டாலும் ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை.

ஒரு நாள் சாயங்காலம், தறிகள் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால், சாவியைத் திருப்பினோம்.

இன்ஜின் பிடித்தது. நொண்டவே இல்லை. வெண்ணெய் உருகுகிற மாதிரி ஒரே சீராக ஓடியது. பாய் கையிலிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதத்தாம்மா தேடிகினு இருந்தாரு, இத்தினி வருசமா" என்றார். எது தவறாக இருந்தது, எப்படிச் சரியானது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் சரியாகிவிட்டது என்பது எனக்கு வழக்கமாகப் பிடிக்காத விஷயம், அன்று அதைக்கூட மன்னித்தேன்.

அண்ணி மாவு ஒட்டிய கையோடு கொட்டகை வாசலில் வந்து நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"யாரு வண்டி இது?"

"நம்ம வண்டிதான் அண்ணி. பாருங்க, எப்டி ஓடுது."

"நம்ம வண்டி இன்னும் வரல பாப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தறிகள் நின்றன. நாய் எழுந்தது. எங்களுக்குப் பின்னால் அண்ணனின் கார் சீராக ஓடிக்கொண்டிருக்க, அண்ணி எங்களைத் தாண்டிப் போய்க் கேட்டைத் திறந்து, ஓரமாக நின்று, காலித் தெருவைப் பார்த்தார். பாய் அவசரமாகச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். அன்று அவர் டீ குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அளவு எல்லாம் சரி, வண்டி அசல், இன்ஜின் அசல், அப்புறம் என்ன? அடுத்த சில நாட்கள் வீட்டிலேயே தங்கினேன். அதில் ஒரு சாயங்காலம் கடைசித் தறி நின்றபோது ஆரணி ரோட்டுப் பக்கமிருந்து எனக்கும் கேட்டது. படபடபட, ஒரு கணம், பட். கழனியில் பம்புசெட் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டேன். எழுந்து மாடிக்குப் போய்ப் பார்க்கலாம்தான். போகவில்லை. பம்புசெட் இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. என் வாழ்க்கையில் அளக்கப் பயந்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலை அண்ணியைத் தேடிக்கொண்டு பின்கட்டுத் தறிக்குப் போனேன். அண்ணன் போன பிறகு தறி வேலை முழுவதையும் அண்ணிதான் பார்த்துக்கொள்கிறார், அதில் ஒரு பிசகும் கிடையாது. நெசவாளி தறியில் உட்கார்ந்திருந்தார். அண்ணி தறியின் மறுகோடியில், பாவு என்கிற நீளவாட்டு நூல்கள் போய் முடிகிற முனையில், அவருக்கு எதிர்முகமாக நின்று இழைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வலது கரையாண்ட இழ ஒண்ணு அறுந்துட்ச்சி, பாருங்க" என்றார். சொல்லிக்கொண்டே கை நீட்டிக் காட்டினார். நீட்டியது இடது கை. நெசவாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தன் வலது கையை நீட்டி இழையைப் பிடித்தார்.

பிறந்ததிலிருந்து நான் பார்த்து வளர்ந்த காட்சி இது. தறி வீட்டில் வலது என்றால் தறியில் உட்கார்ந்திருப்பவரின் வலது. எதிரே நின்றாலும், பக்கவாட்டில் நின்றாலும், தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவரிலிருந்து பாவு பிணைக்கிறவர் வரை எல்லோருக்கும் அதே வலதுதான். வேலை செய்கிறவர் எதை வயிற்றுக்கு நேரே வைத்துக்கொண்டு வேலை செய்கிறாரோ, அங்கிருந்துதான் உலகத்துக்கே திசை. ஒருவரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

நான் கொட்டகைக்கு ஓடினேன். காரின் முன்னால், பானட்டுக்கு எதிரே, அண்ணன் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றேன். முன்பக்கத்து இரும்பு வயிற்றில் இடித்தது, தறியில் நெய்த துணி சுருட்டுகிற கட்டை இடிப்பதுபோல. இன்ஜின் என் எதிரே பாவு மாதிரி நீண்டு போனது. நான் என் வலது கையை நீட்டினேன். அது போய் விழுந்தது வண்டியின் இடப்பக்கத்தில்.

பாய் வந்து தலையைத் திறந்ததும் கிண்ணங்களை மறுபடி அளந்தேன். வலது கிண்ணங்களில் இடது தண்டின் தடம், இடது கிண்ணங்களில் வலது தண்டின் தடம். வருஷக்கணக்காக மூச்சு இழுக்கிற தண்டு புகைவிடும் இடத்திலும், புகைவிடும் தண்டு மூச்சு இழுக்கிற இடத்திலும் ஓடியிருக்கின்றன. நொண்டல் அதுதான். அண்ணன் புத்தகத்தைத் தப்பாகப் படிக்கவில்லை. நூலைத் தப்பாகக் கட்டவில்லை. இன்ஜினுக்கு எதிரே நின்ற எங்கள் வீட்டு ஆள் எவரும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். நான் வெளியூரில் வேறு வலதைக் கற்றுக்கொண்டு வந்ததால் எனக்குக் கை மாறிப்போயிற்று, அவ்வளவுதான். மறுபடி கழற்றி அதே தட்டில் போட்ட நட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று அழுதேன். அந்தக் கடைசிக் காலையில் தண்டுகளைக் கையில் எடுத்தபோது அவருக்கே புரிந்ததா இல்லையா என்பதை இனி யாரிடம் கேட்பது?

பாயிடம் சொன்னேன். தண்டுகளை மாற்றிப் போட வேண்டும், பழையபடி.

"தப்புன்னு தெரிஞ்சேவா?" என்றார்.

"தெரிஞ்சேதான் பாய்."

"அவரு உசுரு உட்டதே இதத் தேடித்தான் தங்கச்சி. இப்பதான் கெடைச்சிருக்குது. அத்தப் போயி கழட்றதுக்கு என் கை வராதும்மா."

எனக்கு மட்டும் வந்ததா? ஆயுசு முழுக்கத் தப்பான துண்டுக்குச் சிவப்பு பெயின்ட் தடவியவள் நான். ஆனால் அண்ணன் தேடியது ஒரு சத்தம், அண்ணி கூடவே வாழ்ந்தது இன்னொரு சத்தம். இரண்டும் ஒரே இன்ஜினில் ஒன்றாக வராது. செத்தவருக்குச் சரியாக இருப்பதா, உயிரோடு இருப்பவருக்குச் சரியாக இருப்பதா என்று வந்தபோது நான் அண்ணி பக்கம் நின்றேன். கடைசியில் பாய் ஸ்பேனரை எடுத்தார். வால்வும் பிஸ்டனும் எங்கேயும் முட்டிக்கொள்ளாது என்று கையால் சுற்றிப் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் மூடினோம். தப்பைச் செய்தாலும் அளந்துதான் செய்தேன்.

அன்று தறிகள் நிற்கும்வரை காத்திருந்தோம். கடைசித் தறி நின்றதும் சாவியைத் திருப்பினேன்.

படபடபட. ஒரு கணம். பட்.

நாய் எழுந்தது. அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. நேராகக் கேட்டுக்குப் போனார், இரண்டு கதவுகளையும் திறந்தார், ஓரமாக நின்றார். இந்தத் தடவை அவர் பார்வை தெருவிலேயே நிற்கவில்லை. கேட்டிலிருந்து மெதுவாக உள்ளே திரும்பி, வண்டி வருகிற வழியாகவே வந்து, கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த காரின்மேல் வந்து நின்றது. கேட்டைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். என்னருகில் வந்தார்.

"வந்துட்டாரு. நிறுத்து பாப்பா."

நிறுத்தினேன். அந்த நிசப்தத்தில் இன்ஜின் ஆறுகிற டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணி பானட்டின் மேல் கையை வைத்து, சூடு தாங்கும்வரை வைத்திருந்தார்.

"அவரு தேடிகினு இருந்தாரே, அந்தச் சத்தம் எது? இதா?"

"இல்ல அண்ணி. அன்னிக்கு மொதல்ல கேட்டீங்களே, யாரு வண்டின்னு. அதான்."

அண்ணி பானட்டிலிருந்து கையை எடுத்தார். "அப்ப அதயே போட்டுடு. எனக்கு வந்துட்டாரு. அவருக்கும் அவரு கேட்டது கெடைக்கட்டும்" என்றார். உள்ளே போய் மகளுக்குப் போன் செய்தார். மறுநாள் சாயங்காலம் தறிகள் நின்றபோது அண்ணி எழவில்லை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான்தான் அவர் எழுவார் எழுவார் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி இப்போது பெங்களூரில் இருக்கிறார். நன்றாகத் தூங்குகிறாராம், போனிலேயே தறி வேலையை விசாரிக்கிறார், பேரனைத் திட்டுகிறார். கொட்டகைச் சாவி என்னிடம் இருக்கிறது. பாய் அடிக்கடி கேட்கிறார்: "எப்ப தங்கச்சி பிரிக்கலாம்? அண்ணி சொல்லிட்டுப் போயி எத்தினி நாளாவுது, ஜல்தி சொல்லு." தலைக்குப் போடுகிற கேஸ்கட் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேஸ்கட் எப்போதோ வந்துவிட்டது. என் கைப்பையில், அந்தச் சிவப்பு நூலும் பச்சை நூலும் கிடக்கிற பர்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் வேலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறேன். கொட்டகையைப் பெருக்குகிறேன், வண்டியைத் துடைக்கிறேன், தறிகள் நிற்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன். பிறகு சாவியைத் திருப்புகிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இன்ஜினை நொண்டியபடி ஓடவிட்டு, எழுந்து போய், கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து, ஒரு கார் உள்ளே வருகிற அளவு இடம் விட்டு ஓரமாக நிற்கிறேன்.